புளித்தண்ணீரில் பன்னிரண்டு ஜோடி

வெள்ளிக்கிழமை காலை 6.20. நான் முதலில் பார்த்தது நாளிதழின் நான்காம் பக்கத்தில் இருந்த மின்தடை அறிவிப்பு. துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கம் மூன்றாவதாக இருந்தது. இருபத்தேழு ஆண்டுகள் நாளிதழ் அலுவலகத்தில் இதுபோன்ற அறிவிப்புகளைச் சுருக்கி, பிழை பார்த்து, பக்கத்தில் ஏற்றியவன் நான். வேலையை விட்ட பிறகும் அந்தக் கட்டத்தை முழுதாகப் படிக்காமல் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

என் மனைவி அதற்குள் கிளம்பி நின்றாள். பின்கட்டில் குத்துவிளக்கும் செப்புச் சொம்பும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளிக்கிழமை என்றால் அதை முடிக்காமல் அவள் வாசல் தாண்டுவதில்லை. ஊறவைத்த புளியில் பாதி கிண்ணத்தில் மீதி இருந்தது.

"கரண்டு பத்து மணிக்குப் போவுது. அஞ்சு மணி வரைக்கும் இல்ல" என்றேன்.

"இன்னாங்க இது, இன்னிக்குன்னு பாத்தா?" ஒரு நிமிடம் யோசித்தாள். "சரி. செம்புக் கம்மல இப்பவே மெஷின்ல போட்டுடுங்க. மூணு மணி நேரம் ஓடட்டும். வெள்ளிய சாயங்காலம் நான் வந்து போட்டுக்கறேன். ரெண்டையும் ஒண்ணா போட்டுடாதீங்க."

"ஏன்?"

"சிக்கிக்கும். அத பிரிக்கறதுக்கு எனக்கு ஒரு நாள் ஆவும்."

பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வடிகட்டி மேசையில் வைத்தாள். முனையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. ஓடினாள்.

அவள் எங்கே போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். திருபுவனை தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றும் கம்பெனி ஒன்றில் அவள் எட்டு ஆண்டு வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆறு வாரம் படுத்துவிட்டாள். எழுந்து போனபோது அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கையில் இருந்த பழக்கத்தை வைத்துக் கம்பியில் கம்மல் செய்யத் தொடங்கினாள். பற்றவைப்பு இல்லை, பசை இல்லை. தடித்த கம்பியை வடிவத்துக்கு வளைத்து, அதன்மேல் மெல்லிய கம்பியை இழைக்கு இழை நெருக்கமாகச் சுற்றி, அந்தச் சுற்றின் இறுக்கத்திலேயே ஒரு கண்ணாடி மணியை நிறுத்துவது. கம்பியின் பருமனை அவள் விரலால் தடவியே சொல்லுவாள். கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய விரல்.

புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் கைவினைப் பொருள் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் அம்மாள் முதல் தடவை காட்டியபோதே வேலைப்பாட்டைப் பாராட்டினார். பிறகு ஒரு கம்மலின் கொக்கியைச் சுண்டுவிரலில் மாட்டி லேசாக இழுத்தார். கொக்கி திறந்துகொண்டது.

"கம்பி தொளதொளன்னு இருக்கு. ஒரு வாரம் போட்டா வடிவம் போயிடும். பளபளப்பும் இல்ல. கம்பிய இறுக்கிக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

மோட்டாருக்குச் சுற்றும் கம்பி எளிதாக வளைய வேண்டும் என்பதற்காகவே மிருதுவாக இருக்கும். அதையே அவள் வாங்கியிருந்தாள். கொக்கியைச் சுத்தியால் தட்டிப் பார்த்தாள். கொக்கி தட்டையானது, சுற்றின் மேல் வடு விழுந்தது. ஆகவே ஒரு சிறிய உருட்டு மெஷின் வாங்கினோம். இரண்டு உருளைகள், ஒரு சின்ன மோட்டார், உருளைகளின் மேல் படுத்தபடி சுழலும் ஒரு ரப்பர் டப்பா. டப்பாவுக்குள் எஃகுக் குண்டுகள், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நுரை, நகைகள். மூன்று மணி நேரம் உருண்டால் குண்டுகள் ஒவ்வொன்றும் நகையின் மேல் பல்லாயிரம் தடவை விழும். தட்டுவது தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் தட்டல்கள். கம்பியின் மேல்தோல் இறுகும், கூடவே மெருகும் ஏறும்.

மெஷினோடு குண்டுகள் வரவில்லை. துருப்பிடிக்காத எஃகில் தனியாக வாங்க வேண்டும் என்று போட்டிருந்தது. வில்லியனூரில் எங்கும் இல்லை. நான் சைக்கிள் கடைக்குப் போனேன். சைக்கிள் சக்கரத்தின் அச்சில் போடும் குண்டுகளில் சிறியது ஒரு ரகமும் நடுத்தரம் ஒரு ரகமும் சேர்த்து ஒரு கிலோ கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி சைக்கிள் சார் வெச்சிக்கினு இருக்கீங்க? தொழில்ல போட்டியா?"

"நகைக்கு மெருகு போட."

"தோ பாருங்க, இத்தினி வருசமா நானும் இந்தக் குண்ட வெச்சிக்கினு கீறேன். என் பொண்டாட்டி கம்மல் கறுத்துதான் கெடக்குது" என்று சொல்லிவிட்டு எடை போட்டார்.

குண்டுகளில் மசகு ஒட்டியிருந்தது. வெறும் குண்டுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் உருட்டினோம். முதல் தண்ணீர் தார் மாதிரி வந்தது. இரண்டாவது சாம்பல் நிறம். நான்காவது தெளிந்தது. பூந்திக்கொட்டை யோசனை வில்லியனூரில் வெள்ளிக் கொலுசுகளுக்கு மெருகு போடுகிறவர் சொன்னது. சோப்புத்தூள் போட்டால் கம்பி கறுக்கும், பூந்திக்கொட்டைதான் எங்கள் பழக்கம் என்றார். ஒரு செப்புக் கம்மலை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தோம். மூன்று மணி நேரம் கழித்து என் மனைவி அதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டாள். முன்பு தட்டென்று விழுந்தது இப்போது கணீரென்று விழுந்தது. கொக்கியைக் கட்டை விரலால் அழுத்தி விட்டாள். அது தன் இடத்துக்குத் திரும்பியது. அவள் அதை இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு இன்னொரு தடவை.

கடைக்கார அம்மாள் இருபத்து நான்கு ஜோடி கேட்டார். செம்பில் பன்னிரண்டு, வெள்ளியில் பன்னிரண்டு. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்ப்பதாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தால் மாதாமாதம் அதே அளவு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அந்த வாரமே கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை வந்து விண்ணப்பத்தை நிரப்பி உடல் பரிசோதனை முடித்துவிட வேண்டும். வருவதும் வராததும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும். கடை எடுத்துக்கொண்டால் அவள் வீட்டில் இருந்து தன் வேலையைச் செய்வாள். எடுக்காவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி. அவள் இதை இந்த இரண்டு வாக்கியங்களில்தான் என்னிடம் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் போனது அந்த விண்ணப்பத்துக்காக.

ஏழு மணிக்கு நான் மேசை முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து மணிக்கு மின்சாரம் போகும். இருப்பது மூன்று மணி நேரம். செம்பு மட்டும் முடியும். ஐந்து மணிக்கு மின்சாரம் வந்து வெள்ளியைப் போட்டால் எட்டு மணி. வெள்ளிக் கம்மல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முத்து தொங்க வேண்டும். முத்தை மெஷினில் போடக் கூடாது, அதன் மேல்பூச்சு உரிந்துவிடும். ஆகவே மெருகுக்குப் பிறகு இருபத்து நான்கு முத்துகளை அவள் கையால் மாட்ட வேண்டும். பகல் வெளிச்சம் இல்லாமல், களைத்துப் போய்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் பத்து மணிக்கே எல்லாம் முடிந்துவிடும். சிக்கிக்கொள்ளும் என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம். அதற்கு வழி இருந்தது. ஒவ்வொரு கம்மலின் கொக்கியையும் நூலால் மூடித் தனித்தனியே கட்டினேன். நாற்பத்தெட்டு கம்மல். கட்டி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. மணி 7.30 தாண்டிவிட்டது. இப்போது மூன்று மணி நேரம்கூட இல்லை, இரண்டரைதான்.

குறைந்த நேரத்தை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்று யோசித்தபோது பின்கட்டுக் கிண்ணம் கண்ணில் பட்டது. செப்புச் சொம்பு வெயிலில் சிவந்து நின்றது. அதைப் பத்து நிமிடத்தில் அப்படி ஆக்கியது புளி. வேலையை விட்ட பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சொம்பை நானே தேய்த்திருக்கிறேன். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் இருந்த புளியைக் கரைத்து, கோது இல்லாமல் வடிகட்டி, பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு டப்பாவில் ஊற்றினேன். மூடியைத் திருகினேன். 7.35க்கு மெஷினைப் போட்டேன்.

மெஷினின் ஓசை கடலையை வாணலியில் வறுப்பது போல இருக்கும். அன்றைக்கும் அப்படியே இருந்தது. எதிர் மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால் மிச்சமிருந்த வயலில் இரண்டு பேர் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாளிதழின் மற்றப் பக்கங்களைப் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன.

பத்து மணிக்குச் சரியாக மின்சாரம் போனது. டப்பா கால் சுற்று சுற்றி நின்றது. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. திறக்கலாமா என்று யோசித்தேன். பெரிய பித்தளைப் பாத்திரங்களைப் புளியில் ஊறப்போட்டு வைத்தால் கறை தானாக விடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஊறட்டும் என்று விட்டேன். அந்த நாளில் நான் எடுத்த மூன்றாவது முடிவு இது. மூன்றும் தவறு.

மூன்றரைக்கு மனைவி வந்தாள். அதே கம்பெனியில் வேலை செய்யும் அவள் அக்காவும், காலை ஷிஃப்ட் முடிந்து கூட வந்திருந்தாள். அக்கா வீடு ஒதியம்பட்டில். முத்து மாட்ட உதவுவதற்காக எங்கள் முனையில் இறங்கியிருந்தாள். அவளுக்கு இந்தக் கம்மல் வேலையில் நம்பிக்கை கிடையாது. "அங்க சுத்தனா மாசம் பொறந்தா சம்பளம். இங்க சுத்தனா விரல்ல காயம்" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

"செம்பு முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள்.

"ரெண்டும் முடிஞ்சுது. நூல் கட்டிப் போட்டேன், சிக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். டப்பாவைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், சல்லடையைப் பக்கெட்டின் மேல் வைத்து மூடியைத் திருகித் திறந்தாள். தண்ணீர் பழுப்பாக வந்தது. அதற்குப் பின் குண்டுகள் வந்தன. எல்லாக் குண்டுகளும் செம்பு நிறத்தில் இருந்தன.

அவள் குழாயைத் திறந்து கழுவினாள். நூல் கட்டிய கம்மல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வரிசையாக வைத்தாள். செம்பு இருபத்து நான்கும் கண்ணைப் பறித்தன. மற்ற இருபத்து நான்கையும் வைத்த பிறகு எது வெள்ளி என்று மணியின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. வெள்ளி முழுவதும் ரோஜா நிறம்.

"இன்னா ஊத்துனீங்க?"

"புளி."

"புளியா?"

"செம்பு பளிச்சுனு ஆவும்னு."

அக்கா குனிந்து டப்பாவை முகர்ந்தாள். "இன்னா மாப்ள, வத்தக்கொழம்பு வெச்சீங்களா? சுண்டக்கா எங்க?"

மனைவி சிரிக்கவில்லை. "ஒண்ணா போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்."

"சிக்கும்னுதான் சொன்ன."

"ஆமா, நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கணும். பேப்பர்ல வர மாதிரி. இத்தன மணிலேர்ந்து இத்தன மணி வரைக்கும் இவரு கைய வெக்கக் கூடாதுன்னு."

நான் கொலுசு மெருகுக்காரருக்குப் போன் செய்தேன். எதை எதை எவ்வளவு நேரம் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "குண்டு இன்னா குண்டு?" என்றார்.

"சைக்கிள் குண்டு."

"அட, இரும்பு. புளில செம்பு கொஞ்சம் கரையும் சார். அந்தத் தண்ணில இரும்பு இருந்துச்சுன்னா செம்பு திரும்ப வந்து எல்லாத்து மேலயும் ஏறிக்கும். வெள்ளி மேலயும் ஏறும். பட்டறைல கத்துக்க வரவங்க மொத வாரம் பண்ற வேல இது. புளித்தண்ணில இரும்புக் கொறடக்கூட நாங்க உடமாட்டோம்." சிரித்தார். "பயப்படாதீங்க, மேலாக்கதான் இருக்கும். விபூதி போட்டுத் தேச்சா போயிடும். ஆனா சுத்து இருக்கற எடத்துல இடுக்குக்குள்ள விரல் போவாது பாருங்க."

புதிதாகச் செய்ய வெள்ளிக் கம்பி இல்லை. இருந்தாலும் நேரம் இல்லை. நான்கு மணிக்கு மூவரும் தரையில் உட்கார்ந்தோம். பூஜை அலமாரியில் இருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, ஆளுக்கொரு துணித்துண்டு எடுத்துக்கொண்டோம். துணியில் சாம்பல் தொட்டு, ஈரம் தொட்டு, கொக்கியைத் தேய்ப்பது. ரோஜா நிறம் துணியில் கறுப்பாக இறங்கியது, அடியில் வெள்ளை வந்தது. கொக்கிக்கு இரண்டு நிமிடம். வளைவுக்கு மூன்று. சுற்று இருக்கும் இடத்தில் மெருகுக்காரர் சொன்னபடிதான் நடந்தது. இழைகளின் முதுகு வெளுத்தது, இழைக்கும் இழைக்கும் நடுவில் ரோஜாக் கோடு நின்றது. மனைவி நூலில் விபூதி தடவி இடுக்கில் ஓட்டிப் பார்த்தாள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பார்த்தாள். கோடு மெலிந்தது, போகவில்லை.

ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. அவ்வளவு அழுத்தித் தேய்த்தும் ஒரு கம்மல்கூட வளையவில்லை.

"கெட்டியாத்தான்டி இருக்குது" என்றாள் அக்கா, ஒன்றைத் தூக்கிப் பிடித்து. "பாக்கறதுக்கும் நல்லாத்தான் இருக்குது. ரோஸு இப்ப ஃபேஷன். இப்படித்தான் செஞ்சேன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா இன்னா? நீயா காசு குடுத்து வாங்கப் போற?"

மனைவி அடுத்ததை எடுத்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மின்சாரம் வந்தது. அக்கா சமைத்தாள். ஏழரைக்குள் முத்துகளை மாட்டி முடித்தார்கள். நான் அவர்களுக்கு முத்து எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் எதையும் என்னிடம் தரவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் பைக்கில் போனோம். வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்ததால் பதினொன்று ஐந்துக்குத்தான் சேர்ந்தோம். கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்கார அம்மாள் கறுப்பு வெல்வெட் விரித்த தட்டைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் செம்பு. ஒவ்வொரு கொக்கியையும் சுண்டுவிரலில் மாட்டி இழுத்தார். பன்னிரண்டு ஜோடியையும் அப்படிப் பார்க்க அவருக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. ஒன்றும் திறக்கவில்லை.

"நல்லா பண்ணிட்டீங்களே. போன தடவை கொண்டுவந்தவங்கதானான்னு இருக்கு" என்றார்.

பிறகு வெள்ளி. முதல் கம்மலை இழுத்துப் பார்த்துக் கீழே வைக்கப் போனவர், வைக்காமல் ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

"சுத்துக்குள்ள பிங்க்கா ஒரு லைன் ஓடுதே. இது வேணும்னே பண்ணதா?"

மனைவி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று ஒரே சொல் போதும்.

"இல்லம்மா. மெருகு போடும்போது தப்பாயிடுச்சு. செம்பு ஏறிக்கிச்சு. தேச்சுப் பாத்தோம், உள்ள இருக்கறது போவல."

தவறு யாருடையது என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாளுக்கு அதனால் ஆகப் போவது ஒன்றும் இல்லை என்பதால் சொல்லவில்லை.

கடைக்கார அம்மாள் கம்மலை மறுபடியும் வெளிச்சத்தில் திருப்பினார். "எனக்கு இது பிடிச்சிருக்கு. நிஜமாவே. இதே மாதிரி அடுத்த மாசம் இன்னொரு பன்னெண்டு பண்ணித் தர முடியுமா? இதே லைன், இதே கலர்?"

என் மனைவி ஒரு கம்மலை எடுத்துச் சுற்றை விரலால் தடவினாள். அவள் மனதுக்குள் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். எட்டு ஆண்டு கம்பெனியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். முதல் சுருளுக்கும் ஆயிரமாவது சுருளுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

"முடியாதும்மா. ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது. இதுலயே பாருங்க, இதுல கோடு அழுத்தமா இருக்குது, இதுல லேசா இருக்குது. நான் பண்ணி வந்தது இல்ல இது."

"அப்போ நான் இத வெக்க முடியாது. வெள்ளின்னு லேபிள் போட்டுட்டு, வாங்கினவங்க செம்பு தெரியுதேன்னு வந்து கேட்டா நான் என்ன சொல்றது? ஒருத்தங்க பாத்துட்டு அதே மாதிரி வேணும்னு கேட்டாலும் கஷ்டம்." வெள்ளிக் கம்மல்களைத் தட்டின் ஓரமாக நகர்த்தினார். "செம்பு பன்னெண்டும் வெச்சுக்கறேன். மாசம் பன்னெண்டு குடுங்க. வெள்ளி சுத்தமா வெள்ளையா வந்தா அப்ப சேத்துக்கலாம். அவசரம் இல்ல."

"எப்ப கொண்டாரலாம்?"

"உங்களுக்கு எப்ப சரியா வருதோ அப்ப."

அவள் பன்னிரண்டு ஜோடி வெள்ளியையும் எண்ணி, பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து மூடினாள். வெளியே வந்து பைக்கில் ஏறினோம். இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்.

"துரு புடிக்காத குண்டு எங்க கெடைக்கும்னு பாத்தீங்களா?"

"ஆர்டர் போடணும். வர ஒரு வாரம் ஆவும்."

"போடுங்க. நீங்களே போடுங்க. ஆனா வந்தப்பறம் டப்பாவ மட்டும் தொடாதீங்க."

"சரி."

"புளி கிண்ணத்த இனிமே அலமாரில வெச்சுப் பூட்டணும்."

சிக்னல் விழுந்தது.

பன்னிரண்டு ஜோடி செம்பு, மாதம் ஒரு தடவை. அது கம்பெனியை விட்டுவிடப் போதாது. வேண்டாம் என்று தூக்கிப் போடும் அளவுக்குக் குறைவும் அல்ல. அன்று மாலை அக்கா போன் செய்தபோது "பாதி எடுத்துக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா நீளமாக ஏதோ சொன்னது கேட்டது. "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

பிறகு வெள்ளிக் கம்மல்களில் ஒன்றை எடுத்து, குறட்டால் சுற்றைப் பிரித்தாள். இறுகிப் போன கம்பி என்பதால் பிரிக்கும்போது இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஒடிந்த துண்டுகளைத் தனியாக ஒரு சிமிழில் போட்டாள். மீதிப் பதினொன்றரை ஜோடியைப் பிரிக்காமல் அப்படியே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11.40க்குச் சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சார், நான் வரேன். ஆனா காலை ஷிஃப்ட் வேணாம். ரெண்டாவது ஷிஃப்ட்ல போடுவீங்களா?"

"இன்னாத்துக்கும்மா? லேடீஸ் எல்லாம் காலைதான கேப்பாங்க. ரெண்டாவதுன்னா வூட்டுக்குப் போவ பத்தர ஆயிடும்."

"காலைல எனக்கு வேல இருக்குது சார்."

"இன்னா வேல?"

"கம்பி சுத்தற வேலதான்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டாவது ஷிஃப்ட்டில் இடம் இருக்கிறது, நாளைக்கே வந்துவிடலாம் என்றார்.

இரண்டாவது ஷிஃப்ட்டின் பஸ் எங்கள் முனைக்குப் பிற்பகல் 1.20க்கு வருகிறது.